சாமி கெளம்பியாச்சா?

டிஸ்கி: கொஞ்சம் காரமான சமாச்சாரம். எங்கள் காலனிக் கோயில் கமிட்டி நண்பர்கள் படித்தால் கோபம் வரலாம். வரட்டும். அடுத்த கூட்டத்தில் எப்படியும் நேரிலேயே திட்டத்தான் போகிறார்கள்.

ஹைதராபாத்தில் நாங்கள் இருக்கும் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய சின்னப் பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் அங்கே பொருளாளர். (பேங்க்கில் வேலை பார்க்கிறவன் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் கணக்கு நோட்டைத் தூக்கி அவன் மடியில் வைத்துவிடுவார்கள். பி.காம் படித்த பாவம்.) போன மாதக் கூட்டத்தில் மூன்றாவது ஐட்டம் இது: பிராகாரத்தில் ஆறு ஸ்பீக்கர் மாட்டி, நடை திறந்திருக்கும் நேரம் முழுக்க 'ஆம்பியன்ட் மியூசிக்' போடுவது.

அப்படின்னா என்ன என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஒண்ணுமில்ல மாமா, சும்மா பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். கவனிக்கணும்னு அவசியமில்ல" என்றார் செயலாளர். இதைவிடச் சரியான விளக்கம் எந்த இசை விமர்சகரும் கொடுக்க முடியாது. எனக்குத் தகராறே அந்த இடத்தில்தான்.

இசை போட்டவன் காலனிப் பையன்தான். சாஃப்ட்வேர் வேலை, நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனவன், கையில் ரெக்கார்டரோடு 14 கிலோமீட்டரும் நடந்திருக்கிறான். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கத்திலும் நின்று பதிவு செய்திருக்கிறான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கூட்டம் சொல்லும் 'ஓம் நமசிவாய'வை இழுத்து நீட்டி, அடியில் ஒரு சின்தசைசர் ரீங்காரம் சேர்த்து, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஆல்பம். அயர்லாந்தில் ஒரு மலை, ஸ்காட்லாந்தில் ஒரு தீவு என்று கெல்டிக் புண்ணிய தலங்களுக்குப் போய்வந்தவர்கள் இப்படி ஆல்பம் போடுகிறார்களாம். அதைக் கேட்டுத்தான் இவனுக்கு ஐடியா வந்ததாம்.

பத்து நிமிஷம் போட்டுக் காட்டினான். நன்றாகவே இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. "ஏம்ப்பா, டீக்கடைச் சத்தம், குழந்தை அழுகிறது, சி.டி. கடைக்காரன் கத்துறது, ஆட்டோ ஹாரன் ஒண்ணையும் காணோமே?" என்றேன்.

"அதெல்லாம் கிளீன் பண்ணிட்டேன் அங்கிள். நடக்கிறவங்க மூச்சு வாங்குற சத்தம்கூட நிறைய இருந்தது. டிஸ்டர்பன்ஸா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

மக்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 14 கிலோமீட்டர் நடை. செருப்பில்லாத கால். அந்த ஆல்பத்தில் ஒருத்தருக்கும் மூச்சு வாங்கவில்லை!

இந்த வகை இசைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்துக்காரர். 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுத்துக் கிடந்தார். யாரோ ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். சத்தம் ரொம்பக் குறைவு, எழுந்து போய்க் கூட்டவும் முடியவில்லை. மழைச் சத்தத்தோடு சேர்ந்து அரைகுறையாகக் காதில் விழுந்ததிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. பிறகு 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' வெளியிட்டார். காது கொடுத்துக் கேட்டாலும் சரி, கண்டுகொள்ளாமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் கொடுக்கிற இசை வேண்டும் என்பது அவர் கட்சி. நேர்மையான மனுஷன். விமான நிலையத்துக்கு என்று தெளிவாகப் பெயர் வைத்தார். கோயிலுக்கு என்று வைக்கவில்லை.

அந்த அயர்லாந்து மலை என்ன என்று தேடிப் பார்த்தேன். க்ரோ பேட்ரிக். 764 மீட்டர். ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். சரளைக் கல் சறுக்கும் பாதையில் வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் உண்டு. நம்ம ஆட்கள்தான், கண்டம் மட்டும் வேறு. அந்த மலைக்குப் போய்வந்தவன் வீட்டில் உட்கார்ந்து அந்த நினைப்பில் ஒரு இசை செய்தால், அதை இன்னொருத்தன் தூக்கம் வராத ராத்திரியில் கேட்டால், எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. ஆனால் அந்த இசையைக் கொண்டுபோய் மலை மேலேயே ஸ்பீக்கர் கட்டிப் போட்டால்? அதைத்தான் நாங்கள் இங்கே செய்யப் போகிறோம்.

சரி, நமக்கு வார்த்தை இல்லாத இசையே கிடையாதா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகையும்.

நான் மாயவரத்துக்காரன். (மயிலாடுதுறை என்று மாற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் வாயில் வர மாட்டேன் என்கிறது.) மாயூரநாதர் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. அம்மா அடுப்படியில் இருப்பாள். கோயில் பக்கம் கம்பீரநாட்டையில் மல்லாரி ஆரம்பிக்கும். "சாமி கெளம்பியாச்சு, தேங்காய் எடுத்து வைடா" என்பாள். வாசலை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். மல்லாரிக்குச் சாகித்யம் கிடையாது, வெறும் நாதஸ்வரமும் தவிலும்தான். ஆனால் அது பேசும். அபிஷேகத் தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி. மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. தேருக்குத் தேர் மல்லாரி. ராத்திரி நீலாம்பரி கேட்டால் பள்ளியறைக்குப் போயாச்சு என்று அர்த்தம். ஐப்பசி கடைமுகத்துக்குச் சாமி காவேரிக்குப் போகிறபோது, தூக்குகிறவர்கள் நடந்தால் வாசிப்பும் நடக்கும். முக்கில் நின்றால் நாதஸ்வரக்காரர் அங்கேயே நின்று ஒரு ராகத்தை விரிப்பார். தூக்குகிறவர் தோள் மாற்றுகிற வரைக்கும் விரிப்பார்.

இடம், நேரம், நடை மூன்றும் தெரிந்த இசை அது. ஸ்பீக்கருக்கு இதில் ஒன்றாவது தெரியுமா?

திருவண்ணாமலைக்கே வருவோம். ரமணர் பாடிய அட்சரமணமாலை 108 கண்ணி. அது எதற்காகப் பிறந்தது தெரியுமா? விரூபாட்ச குகையில் இருந்தபோது கூட இருந்த சாதுக்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். போகும்போது பாட அவர்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அதில் ஒரு பகுதி மலையைச் சுற்றி நடக்கும்போதே வந்தது என்பார்கள். நடக்கிறவன் பாட, நடக்கும்போது பிறந்த பாட்டு. அதைப் பாட மூச்சு வேண்டும். நாம் அதை 'டிஸ்டர்பன்ஸ்' என்று அழித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் கோயிலிலும் நாதஸ்வரம் இருந்தது. பிரகாசம் மாவட்டத்துக்காரர் ஒருத்தர், தவிலுக்கு அவர் மச்சான். ஷேக் சின்ன மௌலானா பிறந்த கரவதி இருக்கிற மாவட்டம் அது. அங்கிருந்து கிளம்பி ஸ்ரீரங்கத்துக்கு வந்து, ரங்கநாதர் சன்னிதியில் வாசித்து, 1998-ல் சங்கீத கலாநிதி ஆன மகா கலைஞர். எங்கள் ஆள் அவ்வளவு பெரிய வித்வான் இல்லை. ஆனால் தினமும் இரண்டு வேளை வருவார். இருவருக்கும் சேர்த்து மாதம் 18,000 ரூபாய். 2020-ல் கொரோனா வந்து கோயிலை மூடினோம். 2021-ல் திறந்தபோது வசூல் இல்லை. "செலவினச் சிக்கனம் கருதி" என்று ஆரம்பிக்கும் தீர்மானத்தை எழுதியது அடியேன்தான். இரண்டு மாதச் சம்பளக் காசில் மின்சார மேளம் வாங்கினோம். சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றும், முரசு, மணி, சேகண்டி எல்லாம் ஒரே நேரத்தில் தடதடவென்று அடிக்கும். ஆடிட்டர் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வருஷமே, 2022-ல், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியத்துக்கு சர்ட்டிபிகேட், வாசிக்கிறவருக்கு நான் எழுதிய தீர்மானம்!

இது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் ஒத்து ஊதுகிறவர் போனார், சுருதிப் பெட்டி வந்தது. பிறகு தாளம் போடும் பையன். பிறகு தவிலும் நாதஸ்வரமும். எங்கள் பேங்க்குகளில் 2000-01-ல் வி.ஆர்.எஸ். கொடுத்தார்கள், கையில் ஒரு தொகையாவது வந்தது. இவர்களுக்கு ஒரு மாலை போட்டு அனுப்பினோம்.

இப்போது மிச்சமிருந்த மின்சார மேளத்துக்கும் ஆபத்து. அந்தத் தடதட ஆம்பியன்ஸைக் கெடுக்கிறதாம்!

தீர்மானத்துக்கு முன்னால் ஒரு வாரம் டிரையல் ஓட்டினார்கள். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். 78 வயது. க்ளாக்கோமா. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். நாதஸ்வரம் இருந்த காலத்தில் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள். தவில் வேகம் பிடித்ததும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். மின்சார மேளமாவது தீபாராதனை என்று சொல்லிவிடும். டிரையல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அழைத்துப் போனேன். ஸ்பீக்கரில் கிரிவலம் ஓடிக்கொண்டிருந்தது. குருக்கள் கைமணி அந்த ரீங்காரத்தில் எங்கேயோ அமுங்கிப் போனது. தீபாராதனை ஆனது. தட்டு வந்து போனது. கூட்டம் பிரசாதத்துக்கு நகர்ந்துவிட்டது. அம்மா மட்டும் கூப்பின கையை இறக்காமல் நிற்கிறாள்.

"எப்படா காட்டுவாங்க?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. தங்கமணிதான் குருக்களிடம் சொல்லித் திரும்பவும் கற்பூரம் காட்டச் சொன்னாள்.

எதிர்வாதங்களும் கேட்டாயிற்று. "சத்தம் வேண்டாம் சார், அமைதி வேணும்" என்கிறார்கள். அமைதி வேண்டுமென்றால் அமைதியாக இருங்கள், யார் தடுத்தது? இந்த ஊர் பிர்லா மந்திரைப் பாருங்கள். 1976-ல் திறந்த வெள்ளைப் பளிங்குக் கோயில். ராமகிருஷ்ண மடத்து சுவாமி ரங்கநாதானந்தர் தியானத்துக்கு ஏற்ற இடமாக இருக்க வேண்டும் என்று விரும்பியதால் அங்கே மணியே கட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால் அது நிற்கும் குன்றுக்குப் பெயர் நௌபத் பஹாட். நௌபத் என்றால் முரசு. அந்தக் காலத்தில் அரசு ஆணைகளை முரசடித்து அறிவித்த குன்றாம். முரசுக் குன்றின் மேல் மணி இல்லாத கோயில். யாரோ உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அது. அங்கே போனால் ஹுசேன் சாகர் காற்றும் மனுஷர்கள் காலடிச் சத்தமும் கேட்கும். எனக்குப் பிடிக்கும். நாதஸ்வரம் வை, இல்லை ஒன்றுமே வைக்காதே. இரண்டும் இல்லாமல் லிஃப்டுக்குள் போடுகிற மாதிரி ஒன்றைப் பிராகாரத்தில் ஓட விட்டு அதற்கு பக்தி என்று பெயர் வைக்காதே.

"வெளியூரில் பிழைக்க வந்த இடத்தில் இதெல்லாம் சாத்தியமா?" இது இன்னொருத்தர். ஊரில் இருந்தால் பக்கத்துத் தெருக் கோயில் மேளம் இலவசமாகக் காதில் விழும். இங்கே நாம் காசு கொடுத்தால்தான் உண்டு. நம் பிள்ளைகளுக்கு மல்லாரி என்றால் என்னவென்று தெரியாது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கேட்டதோடு சரி. ஸ்பீக்கர் மாட்டிவிட்டால் அவர்களுக்குக் கோயில் என்றாலே அந்த ரீங்காரம்தான்.

கணக்கு சொல்கிறேன், அது என் தொழில். காலனியில் சந்தா கட்டும் குடும்பங்கள் 120. வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் பழைய 18,000 வந்துவிடும். இரண்டு பேர் ஒரு வாட்டி வெளியே போய் பிரியாணி சாப்பிட்டால் அதைவிட ஜாஸ்தி ஆகிறது. சம்பளம் அதே 18,000-ஆக இருக்கக் கூடாது என்பது வேறு விஷயம். அதற்கும் சேர்த்துத்தான் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன், 2021 தீர்மானத்தை ரத்து செய்து. முன்மொழிபவர் நான். வழிமொழிய இதுவரை ஒரே ஒருத்தன்தான் ஒப்புக்கொண்டிருக்கிறான். வேறு யாருமில்லை, அந்த ரெக்கார்டர் பையன். அம்மா நின்ற அன்றைக்கு அவனும் பின்னால் நின்றிருந்திருக்கிறான். மூச்சுச் சத்தத்தைத் திரும்பவும் சேர்க்கப் பார்க்கிறேன் அங்கிள் என்றான். ஒரிஜினல் ஃபைல் பத்திரமாக இருக்கிறதாம்.

நேற்று ராத்திரி நாதஸ்வரக்காரருக்கு போன் போட்டேன். நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எடுப்பாரோ மாட்டாரோ என்று பயம். எடுத்தார். கல்யாண சீசனில் வாசிக்கிறாராம், மற்ற நாளில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். மச்சான் ஊருக்கே திரும்பிவிட்டார். இன்னும் தீர்மானம் ஆகவில்லை, கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான் என்று நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன்.

அவர் சம்பளம் பற்றிக் கேட்கவே இல்லை.

"காலையும் உண்டா சார், இல்ல சாயந்திரம் மட்டுமா?" என்றார்.