விண்டோஸ் 10-க்கு அப்டேட் கட்: பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் புதிய சிஸ்டத்துக்கு மாறுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்காக கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாது. பேங்க், ஆதார், பென்ஷன் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்ட நிலையில், இது சின்ன விஷயம் இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணி பட்டு நெசவு வட்டாரத்தில் இருக்கும் ஊர்களில், இந்த மாற்றத்தால் அதிகம் திணறப்போவது யார்? வயதாகிப் பார்வை மங்கிய நெசவாளர்களும், பார்வையற்ற மாணவர்களும்தான்.

அவர்களுக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

ஒரு பட்டன் இடம் மாறினால், பார்வை உள்ளவர் மவுஸை நகர்த்தித் தேடி எடுத்துவிடுவார். திரையை வாசிக்கும் சாஃப்ட்வேரை நம்பியிருப்பவர் அப்படி இல்லை. டேப் கீ எத்தனை முறை, அம்புக்குறி எத்தனை முறை என்பதை மனப்பாடமாக வைத்துதான் வேலை பார்ப்பார். மெனு மாறினால் அந்தக் கணக்கே தப்பிவிடும்.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு வேறு கஷ்டம். மேக்னிஃபையரை 400 சதவீதத்தில் வைத்தால், ஒரு நேரத்தில் திரையின் 16-ல் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டன் இடது ஓரத்தில் இருந்து நடுவுக்கு வந்துவிட்டது. பழைய இடத்தில் தேடினால் கிடைக்காது.

அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஓடுமா?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. ஆனால், விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசசர் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அது சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கட்டாயம். அதனால், அண்ணனோ அக்காவோ அந்த ஆரம்ப வருஷங்களில் வாங்கிய லேப்டாப்புகள் தேறாது. புது லேப்டாப் என்றால் 'பிசி ஹெல்த் செக்' ஆப் மூலம் செக் பண்ணலாம்.

தேறாவிட்டால் என்ன வழி?

* விண்டோஸ் 10-க்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேரலாம். இது 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து, செட்டிங்ஸை பேக்கப் செய்தால் கட்டணம் இல்லை.
* சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இலவச சிஸ்டத்துக்கு மாறலாம். லினக்ஸில் 'ஆர்கா' என்ற திரை வாசிப்பான் உண்டு. ஆனால், புதிதாகக் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும்.

விண்டோஸ் 11-ல் முதலில் செய்ய வேண்டியவை

* விண்டோஸ் கீ + யு: எல்லா அணுகல் வசதிகளும் ஒரே இடத்தில் திறக்கும். எழுத்து அளவை மட்டும் 225 சதவீதம் வரை கூட்டலாம்.
* விண்டோஸ் கீ + பிளஸ்: மேக்னிஃபையர். மூட விண்டோஸ் கீ + எஸ்கேப்.
* விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + எண்டர்: திரையை வாசிக்கும் 'நரேட்டர்'.
* ஸ்டார்ட் பட்டனைப் பழையபடி இடது பக்கம் கொண்டுவர, பெர்சனலைசேஷன் செட்டிங்ஸில் டாஸ்க்பார் பகுதிக்குப் போக வேண்டும்.

மேலே உள்ள மூன்று ஷார்ட்கட்டுகளும் விண்டோஸ் 10-லேயே இருப்பவை. மாறுவதற்கு முன்பே பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

தமிழில் வாசிக்குமா?

வாசிக்கும். ஸ்பீச் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவர்களான மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே இருவரும் வளர்த்தெடுத்த 'என்விடிஏ' முழுக்க இலவசம். இதுவும் தமிழ் படிக்கும். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனால், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலும் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டலாம்.

கடையில் கொடுக்கும்போது கவனம்

சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால், திரை வாசிப்பானும் அதன் செட்டிங்ஸும் சேர்ந்தே போய்விடும். அப்கிரேடா, புது இன்ஸ்டலேஷனா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஃபைல்களை பேக்கப் எடுக்காமல் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம் பாஸ்வேர்டு. "கண்ணு தெரியாது, நீங்களே போட்டுக் கொடுங்க" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இன்ஸ்டால் ஆகி செட்டப் திரை வந்ததும் நரேட்டரை ஆன் பண்ணலாம். அது வாசிப்பதைக் கேட்டு, பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யலாம். அது அடுத்தவர் கைக்குப் போனால், பேங்க் கணக்கின் சாவியும் கூடவே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பத்தை மாற்றுத்திறனாளிகளும் அணுகும் வகையில் அமைக்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் ஆன்லைன் கேஒய்சி சரிபார்ப்புக்கு மாற்று வழி தர வேண்டும் என்றும் அதில் உத்தரவிட்டது.

அதனால், அரசு இணையதளமோ பேங்க் ஆப்போ திரை வாசிப்பானில் வேலை செய்யவில்லை என்றால், உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம், எந்த பட்டன் என்று குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். அதைச் சரிசெய்வது அவர்கள் பொறுப்பு.