குரூஸ் கண்ட்ரோல் ரிலே: "ஓடுதுல்லண்ணே, அப்புறம் என்ன?"

தலைப்புல இருக்கிற வாக்கியத்தை நம்ம பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பிங்க வாயிலேருந்து பிடுங்கிட்டா பாதி வண்டி பொழைச்சுக்கும். கொஞ்சம் சூடான பதிவுதான், பொறுத்துக்கோங்க மக்கா.

கானாடுகாத்தான்ல பெரிய வீடுகளுக்குப் பின்னாடி ஷெட்டுல நிக்கிற கார்களைப் பாத்திருப்பீங்க. வீட்டுக்காரங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க. படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம்னு வந்தாத்தான் வண்டி வெளிய வரும். திருமயம்-காரைக்குடி ரோடு நல்லா இருக்குன்னு வெளிய விக்கிற குரூஸ் கண்ட்ரோல் கிட்டு ஒண்ணை வாங்கி மாட்டுவாங்க. கூடவே பின்னாடி பளிச்சுன்னு இருக்கணும்னு பிரேக் பல்பை எடுத்துட்டு எல்.இ.டி. போடுவாங்க. அன்னியோட குரூஸ் செட் ஆகாது!

காரணம் ரொம்ப எளிசு. இந்த ரகக் கிட்டுல குரூஸ் மாட்யூலோட ஒரு வயர் பிரேக் லைட் வயர்ல சேர்ந்திருக்கும். கால் பிரேக்ல இல்லாதப்ப, அந்த வயர் பல்போட இழை வழியா பாடி எர்த்தைத் தொடும். 21 வாட் பல்பு குளிர்ந்து இருக்கும்போது ஒரு ஓம் கூட இருக்காது. எர்த் தெரிஞ்சாத்தான் மாட்யூல் "சரி, வயர் முழுசா இருக்கு" ன்னு நம்பும். மிதிச்சா 12 வோல்ட் வரும், உடனே குரூஸ் விட்டுடும். எல்.இ.டி. போட்டா அந்த எர்த் தெரியாது. அதனால மாட்யூல் செட் ஆக மாட்டேங்குது. அது கோளாறு இல்லீங்க, அதோட புத்திசாலித்தனம்!

இதுக்கு நம்மாளுங்க பண்ற வைத்தியம் ஒரு ரிலே. பிரேக் லைட் வயர்லேருந்து 86, எர்த்துக்கு 85. மாட்யூல் வயர் 30. அதை 87ஏ வழியா எர்த் பண்ணிட்டு, 87ல 12 வோல்ட். மிதிக்காதப்ப எர்த், மிதிச்சா 12 வோல்ட். குரூஸ் செட் ஆகுது, பிரேக் தொட்டா கட் ஆகுது. டெஸ்ட் டிரைவ் பாஸ். கையில காசு.

இப்ப அந்த 86 வயர் அறுந்துட்டா என்ன ஆகும்னு யாராவது யோசிச்சாங்களா? காயிலுக்குக் கரண்ட் வராது. 30ம் 87ஏவும் ஒட்டினபடியே இருக்கும். மாட்யூலுக்கு எப்பவும் எர்த் தெரியும். நீங்க பிரேக்கை நசுக்கினாலும் அதுக்குத் தெரியாது, பாட்டுக்கு ஆக்சிலரேட்டர் குடுத்துக்கிட்டே இருக்கும். வயர் அறுந்தா குரூஸ் நிக்கணும்னு வடிவமைச்சதை, வயர் அறுந்தா குரூஸ் நிக்கவே கூடாதுன்னு திருப்பிப் போட்டிருக்காங்க.

"அதெல்லாம் அவ்வளவு லேசுல அறாதுண்ணே" ன்னு பதில் வரும். ஆறு மாசம் ஷெட்டுல நிக்கிற வண்டிக்கு எலியை விடப் பெரிய மெக்கானிக் யாரு? பானெட்டைத் தொறந்தா கூடே கட்டி வச்சிருக்கும். முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட்டு வெயில்ல பசை உருகித் தானா கழண்டுக்கும். இன்னொண்ணு, "பிரேக் புடிச்சா இஞ்சினை மீறி நிக்குமே" ம்பாங்க. நிக்கும்தான். ஆனா 80ல போறப்ப ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போயிடும். ஆட்டு மந்தை குறுக்க வந்த நேரத்துல "ஏன் வண்டி இழுக்குது" ன்னு குழம்புற அந்த ஒரு செகண்டை யாரு குடுப்பா?

அடுத்து, இந்த ரிலேவுக்கு பேட்டரியிலேருந்தே நேரா லைன் எடுக்கிற கூத்து. ஃபோர்டு கம்பெனி அமெரிக்காவுல 1999லேருந்து 2009 வரைக்கும் பல தவணையா 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. பிரேக் மிதிச்சா குரூஸைக் கட் பண்ற ஒரு சின்ன சுவிட்சுதான் காரணம். சாவி எடுத்தாலும் அதுல கரண்ட் இருந்துச்சு. உள்ள பிரேக் ஆயில் கசிஞ்சு, சும்மா நிறுத்தி வச்ச வண்டிங்க தீப்புடிச்சுது. அதுக்குப் போட்ட மருந்து, நடுவுல ஃபியூஸ் வச்ச ஒரு வயர். நிறுத்தியே வைக்கிற வண்டிக்காரங்க இதை ரெண்டு தடவை படிங்க. லைன் இக்னிஷனுக்கு அப்புறம் இருக்கணும், சின்ன ஃபியூஸ் கட்டாயம்.

சரி, எப்படிப் போடணும்? ரயில்வேக்காரங்க 1872லேருந்து செய்யற மாதிரி. தண்டவாளத்துல ஓடற கரண்ட் ரிலேயை இழுத்துப் புடிச்சிருக்கும். ரயில் வந்தாலும் சரி, வயர் அறுந்தாலும் சரி, ரிலே விழும், சிவப்பு எரியும். நாமளும் அப்படியே. மிதிக்காதப்ப சேர்ந்திருந்து மிதிச்சா பிரியுற சுவிட்சு பிரேக் பெடல்ல வேணும் (பல வண்டியில நாலு பின் சுவிட்சுல ஏற்கனவே இருக்கு). அது வழியா காயிலுக்குக் கரண்ட். 30 மாட்யூலுக்கு, 87 எர்த்துக்கு, 87ஏவுல ஃபியூஸ் போட்ட 12 வோல்ட். மிதிச்சாலும் எலி கடிச்சாலும் ரிலே விழும், மாட்யூல் "பிரேக்" னு நினைச்சு விட்டுடும். காயில் குறுக்க ஒரு டையோடு போட்டுடுங்க, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம்.

இதுக்கும் சோம்பேறித்தனமா? ஒரே ஒரு பக்கம் பழைய 21 வாட் பல்பையே திரும்ப மாட்டுங்க. ரிலேயே வேணாம். அந்த பல்பு ஃபியூஸ் போனா குரூஸ் செட் ஆகாது, அவ்வளவுதான். ஆனா இதைச் சொன்னா தம்பிக்கு வேலை இல்லை, ஓனருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எரியலைன்னு வருத்தம்.

வண்டியைத் திரும்ப வாங்கும்போது "டெஸ்ட் டிரைவ் போலாமா" ன்னு கேக்காதீங்க. நிறுத்தி வச்சு, சாவி போட்டு, மீட்டரை மாட்யூல் வயர்ல வைங்க. பிரேக்கை மிதிக்காம, காயில் வயரைப் பிடுங்கச் சொல்லுங்க. மீட்டர் 12 காட்டணும். பூஜ்யத்துலயே நின்னா பணம் குடுக்காதீங்க.

பி.கு: கம்பெனியிலேயே குரூஸோட வர்ற வண்டியில, பிரேக் சுவிட்சோட ரெண்டு சிக்னலையும் இ.சி.யூவே ஒப்பிட்டுப் பாத்துக்கும். அதுல யாராவது ரிலே போடறேன்னு ஸ்க்ரூடிரைவரோட வந்தா காபி குடுத்து அனுப்பிடுங்க.