‘அடிக்வேட்லி’ன்னா எத்தனை நாள்?

வீடு கடலூர், ஹாஸ்டல் சிதம்பரம், படிக்கிறது சிவில். இந்த மூணும் சேர்ந்து என்னை வைவாவுல மாட்டிவிட்ட கதைதான் இந்த வாரம்!

லேப்புக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி ஸ்லாப் போட்டோம். திங்கட்கிழமை கான்கிரீட் போட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஈரச் சாக்கு போர்த்தி, தண்ணி ஊத்தி க்யூரிங் பண்ணியாச்சு. சனி, ஞாயிறு? ‘அவன் ஊத்துவான்’னு நானும், ‘இவன் ஊத்துவான்’னு அவனும் நம்பி, நாலு பேருமே ஊருக்கு பஸ் ஏறிட்டோம்.

ரெக்கார்டு நோட்டுல என்ன எழுதுறது? டிக்‌ஷனரியைப் புரட்டினதுல சிக்குச்சு ஒரு சூப்பர் வார்த்தை. ‘தி ஸ்லாப் வாஸ் அடிக்வேட்லி க்யூர்டு.’ பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எப்பூடி!

வைவாவுல சார் அந்த வரியில விரலை வெச்சார்.

“அடிக்வேட்லின்னா?”

“போதுமான அளவுக்கு சார்.”

“அர்த்தம் கேட்கலை தம்பி. எத்தனை நாள்?”

“அஞ்சு... சார்.”

சிவப்புப் பேனாவால அந்த வார்த்தையை அடிச்சிட்டு, மேல ‘5 நாள்’னு எழுதினார். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. அதான் ரொம்ப வலிச்சது.

கான்கிரீட் வேலைக்கு நம்ம நாட்டு விதி ஐ.எஸ். 456. அதோட 2000-ம் வருஷப் பதிப்பு, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்னா குறைஞ்சது 7 நாள், கலப்பு சிமென்ட்னா 10 நாள் ஈரம் காயாம வெச்சிருக்கச் சொல்லுது. தண்ணியோட வினைபுரிஞ்சுதான் சிமென்ட் இறுகும். சீக்கிரம் காய்ஞ்சா, வர வேண்டிய வலு வராது. எங்க ஸ்லாப்பை விடுங்க. நாளைக்கு யாரோ ஒருத்தர் கடன் வாங்கிக் கட்டுற வீட்டுக்கு நான் ‘அடிக்வேட்லி’ன்னு எழுதிக் கையெழுத்து போட்டா?

அப்ப இந்த வார்த்தைகளே வேஸ்ட்டா? அதுவும் இல்லை. ‘அடிக்வேட்’டோட லத்தீன் வேருக்கு ‘சமமாக்குறது’ன்னு அர்த்தம். அதாவது, தேவை எவ்வளவோ அதுக்குச் சமம். தேவை என்னன்னு சொல்லாம விட்டா, வார்த்தை அந்தரத்துல தொங்கும். ‘சஃபிஷியன்ட்லி ஸ்ட்ராங்’னு நிறுத்தாம, எந்த பாரத்தைத் தாங்கன்னு சேர்த்துச் சொல்லுங்க. உயிர் வந்துடும்.

‘ஃபேர்லி’யை எடுத்துக்கங்க. ‘ஃபேர்லி குட்’னா, ‘நல்லாதான் இருக்கு, ஆனா விசிலடிக்கிற அளவுக்கு இல்லை’! இந்த வழுக்குற வார்த்தைக்கே இந்திய வானிலை ஆய்வு மையம் கணக்கு வெச்சிருக்கு. ஒரு பகுதியில இருக்கிற மழை அளவு நிலையங்கள்ல 51-லிருந்து 75 சதவிகிதத்துல மழை பதிவானாதான் ‘ஃபேர்லி வைட்ஸ்ப்ரெட்’. அதுக்கு மேல போனா வெறும் ‘வைட்ஸ்ப்ரெட்’. 2011 டிசம்பர் 30-ல ‘தானே’ புயல்கிட்ட அடி வாங்கின ஊர்க்காரனுக்கு, மழையைப் பத்திப் பேசுற வார்த்தைக்கு அளவு இருக்கிறது எவ்வளவு முக்கியம்னு சொல்லவா வேணும்?

இன்டர்வியூவுக்கும் இதேதான் மக்களே. “ஆட்டோகேட் தெரியுமா?”ன்னா, “ரீசனபிளி வெல்”னு சொல்லிட்டு ஈன்னு இளிக்காதீங்க. “டூ-டி பிளான் தனியா போட்டுடுவேன் சார், த்ரீ-டி இன்னும் பழகலை”ன்னு சேர்த்துச் சொல்லுங்க. அடக்கமா இருக்கும், அடுத்த கேள்விக்கு வியர்க்கவும் வியர்க்காது.

அன்னிக்கு ராத்திரி அம்மா போன். “சாப்பிட்டியாடா?”

“ம்... போதுமான அளவுக்கு.”

“அதென்ன போதுமான அளவு? எத்தனை இட்லி?”

அம்மா ஐ.எஸ். 456 எல்லாம் படிச்சதில்லைங்க!