கடிகாரமும் கைவிலங்கும்



2015ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் அமெரிக்க நாட்டிலே நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டெக்ஸாஸ் மாநிலத்தில், டாலஸ் மாநகரை அடுத்துள்ள இர்விங் என்னும் ஊரிலே, 14 வயதுச் சிறுவன் ஒருவன் தன் கைப்படப் பொருத்திய ஒரு கடிகாரத்தைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றான். அஹ்மது முஹம்மது என்பது அவன் பெயர். சூடான் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மின்சுற்றுப் பலகையையும், எண்கள் ஒளிரும் பலகையையும் கம்பிகளால் இணைத்து ஒரு பென்சில் பெட்டிக்குள் அடக்கியிருந்தான். ஆசிரியர்களிடம் காட்டி ஒரு பாராட்டுச் சொல் பெறவேண்டும் என்பதே அவனது ஆவல்.

பொறியியல் கற்பிக்கும் ஆசிரியர் அதனைப் பார்த்தார்; நன்று என்றார்; பிறரிடம் காட்டாதிருத்தல் நலம் என்றும் எச்சரித்தார். ஆங்கில வகுப்பிலே பைக்குள்ளிருந்த கடிகாரம் ஒலியெழுப்பிவிட்டது. பாடம் முடிந்ததும் சிறுவன் அதனை எடுத்துக் காட்டினான். வெடிகுண்டு போல் இருக்கிறதே என்று கூறி அந்த ஆசிரியை அதனைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். பின்னர் தலைமையாசிரியரும் காவலரும் வந்தனர். தனியறையில் விசாரணை நடந்தது. பெற்றோரை அழைக்க அவன் வேண்டியும் மறுக்கப்பட்டதாகப் பின்னர் கூறினான். விசாரணையின் முடிவில் கைவிலங்கு. சிறார் காப்பகம். கைரேகைப் பதிவு. குற்றவாளிகளை எடுப்பது போன்ற ஒரு புகைப்படம். இவை அனைத்திற்கும் பிறகே பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டான். பள்ளியோ தன் பங்கிற்கு மூன்று நாள் இடைநீக்கம் செய்தது.

அன்பர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். பள்ளிக்கூடத்தில் வெடிகுண்டு இருப்பதாக ஒருவர் மெய்யாகவே நம்பினால் முதலில் என்ன செய்வார்? மணியடித்துப் பிள்ளைகள் அனைவரையும் வெளியேற்றுவார். வெடிகுண்டு அகற்றும் வல்லுநர்களை வரவழைப்பார். ஐயத்திற்குரிய பெட்டியை எவரும் தொடாதபடி காப்பார். இர்விங் பள்ளியில் இவற்றுள் எதுவும் நிகழவில்லை. கட்டடம் காலி செய்யப்படவில்லை. வல்லுநர் எவரும் அழைக்கப்படவில்லை. பெட்டியை ஆசிரியை வாங்கித் தம்மிடமே வைத்திருந்தார். பின்னர் அது பெரியவர்கள் கைகளிலே மாறி மாறிச் சென்றது. ஆகவே அது வெடிகுண்டு அன்று என்பதை அவர்கள் நன்கு அறிந்தே இருந்தனர். அஞ்சியவர்கள் அவ்வாறு நடந்துகொள்ளமாட்டார்கள்.

வெடிகுண்டு அன்று எனில் கைது எதற்கு? போலி வெடிகுண்டு என்ற குற்றத்திற்கு என்றனர். டெக்ஸாஸ் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 46.08ஆம் பிரிவு அக்குற்றத்தைப் பேசுகிறது. போலிக் குண்டு ஒன்றைச் செய்தாலோ வைத்திருந்தாலோ மட்டும் போதாது. மெய்க்குண்டு என்று பிறரை நம்பவைக்கவோ கலவரம் உண்டாக்கவோ வேண்டும் என்ற எண்ணமும் இருத்தல் வேண்டும் என்கிறது அப்பிரிவு. இந்தச் சிறுவன் கேட்டவரிடமெல்லாம் கடிகாரம், கடிகாரம் என்றே கூறினான். வெடிகுண்டு என்று அவன் ஒருபோதும் சொன்னதில்லை என்பதைக் காவல்துறைப் பேச்சாளரே ஒப்புக்கொண்டார். கடிகாரம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னானேயன்றி விரிவான விளக்கம் தரவில்லை என்பதே அவரது குறை. கடிகாரத்திற்கு அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டுமோ, நாம் அறியோம். மணி காட்டும்; அவ்வளவுதானே! இரண்டு நாள் கழித்து, வழக்கேதும் தொடரப்போவதில்லை என்று காவல்துறைத் தலைவர் அறிவித்தார்.

அப்படியாயின் விசாரிக்கப்பட்டது பெட்டியன்று. பெட்டியைக் கொண்டுவந்தவனே விசாரிக்கப்பட்டான் என்று கூறுவதில் தவறுண்டோ? தான் அமர்த்தப்பட்டிருந்த அறையில், தன்னை அதற்குமுன் கண்டிராத காவலர் ஒருவர், இவனாகத்தான் இருக்கும் என எண்ணினேன் என்னும் பொருள்படப் பேசியதாக அச்சிறுவன் செய்தியாளரிடம் தெரிவித்தான். இதனை அவன் கூற்று என்றே கொள்வோம். ஆயினும் அவ்வூரின் அன்றைய சூழ்நிலையை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. அதே ஆண்டு மார்ச் திங்களில், அயல்நாட்டுச் சட்டங்கள் நீதிமன்றங்களில் இடம்பெறலாகாது என்னும் மாநில மசோதா ஒன்றை ஆதரித்து இர்விங் நகரமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளால் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. குடும்பத் தகராறுகளை இருசாரார் இசைவுடன் தீர்த்துவைக்கும் முஸ்லிம்களின் சமரச அமைப்பு ஒன்றைப் பற்றி எழுந்த வதந்தியே அதற்குத் தூண்டுகோல். ஆறு மாதமாக ஓர் ஊரின் காதில் அச்சத்தை ஓதிக்கொண்டிருந்தால், பென்சில் பெட்டியும் குண்டாகத் தோன்றுதல் இயல்பே.

எனினும் ஆசிரியர்கள் பக்கம் உள்ள நியாயத்தையும் கூறாமல் விடுவது முறையன்று. 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலையை அந்நாட்டு ஆசிரியர் எவரும் மறக்கவியலாது. 2012 டிசம்பரில் நியூடவுன் நகரத் தொடக்கப் பள்ளியில் 20 பிஞ்சுக் குழந்தைகளும் பெரியவர் அறுவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். இத்தகைய நாட்டிலே, கம்பிகள் பின்னிய பெட்டியைக் கண்டு ஓர் ஆசிரியை ஒரு கணம் திடுக்கிட்டாரெனின் அவரை யாம் பழிக்கமாட்டோம். அந்த ஒரு கணத்திற்குப் பின், உண்மை தெளிந்த பிறகும் நடந்தவையே நம் வழக்கு.

1994ஆம் ஆண்டின் சட்டமொன்று, பள்ளிக்குத் துப்பாக்கி கொணரும் மாணவனை ஓராண்டு விலக்கவேண்டும் என விதித்தது. அதன் வழியே, சிறு பிழைக்கும் பெருந்தண்டனை என்னும் வழக்கம் அந்நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றிற்று. விதி எல்லார்க்கும் பொது. ஆனால் அதன் அடி எல்லார் மீதும் ஒன்றுபோல் விழவில்லை. 2011-12 கல்வியாண்டுக்கான புள்ளிவிவரங்களை அந்நாட்டுக் கல்வித்துறையே 2014இல் வெளியிட்டது. மழலை வகுப்புக் குழந்தைகளில் கறுப்பினத்தவர் 18 விழுக்காடு. ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடைநீக்கம் பெற்ற மழலைகளிலோ அவர்கள் 48 விழுக்காடு. நான்கு வயதுக் குழந்தையை இடைநீக்கம் செய்வது எங்ஙனம் என்பது வேறு வியப்பு! 2013இல் ஃபுளோரிடா மாநிலத்தில் 16 வயதுக் கறுப்பின மாணவி ஒருத்தி, கழிப்பறை தூய்மை செய்யும் திரவத்தையும் அலுமினியத் தாளையும் ஒரு புட்டியில் கலந்து பார்த்தாள். மூடி தெறித்தது, சிறிது புகை எழுந்தது, எவர்க்கும் காயமில்லை. அவளும் கைதானாள், பள்ளியைவிட்டு நீக்கப்பட்டாள். வழக்குப் பின்னர் கைவிடப்பட்டது. அவள் முஸ்லிம் அல்லள். அஹ்மதுவுக்கு நேர்ந்ததை மார்க்கத்தின்மேல் கொண்ட வெறுப்பு என்று மட்டும் கூறி முடித்துவிடுவோர் இதனையும் எண்ணவேண்டும். அவன் மீது இரு ஐயங்கள் ஒருங்கே விழுந்தன. ஒன்று பெயரால், மற்றது தோலால்.

அக்கடிகாரத்தில் புதுமை ஏதுமில்லை என்று சிலர் எழுதினர். கடையில் விற்ற பழைய கடிகாரத்தின் உட்பகுதியைக் கழற்றி வேறு பெட்டிக்குள் வைத்ததே என்று, படத்தைப் பார்த்து மின்னணுத் தொழில் தெரிந்தோர் கூறினர். அவ்வாறே இருக்கட்டும், அதனால் என்ன? கழற்றிப் பூட்டாமல் கைத்தொழில் கற்றவர் எவருளர்? வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்துத் தந்தையிடம் அடிபடாத பொறியாளர் நம்மிடையே குறைவு. கடிகாரம் சிறந்ததா, எளியதா என்பது பரிசு கொடுப்பவர் ஆராயவேண்டியது; விலங்கிடுபவருக்கு அது வேண்டாத ஆராய்ச்சி. இது தந்தையின் சூழ்ச்சி என்றும் தொலைக்காட்சியில் பேசினர். அதன்மேல் தொடுத்த அவதூறு வழக்கு 2017இல் தள்ளுபடியாயிற்று.

கடிகாரம் என்றதும் மற்றொன்று நினைவில் எழுகிறது. பாக்தாதின் கலீபா ஹாரூன் அல் ரஷீது அனுப்பிய நீர்க்கடிகாரம் ஒன்று 807ஆம் ஆண்டு மேற்கு ஐரோப்பாவின் பேரரசர் சார்லமேனின் அவையை அடைந்தது. ஒவ்வொரு மணிக்கும் வெண்கலக் குண்டுகள் விழுந்து ஓசை எழுப்பும். பன்னிரண்டு குதிரைவீரர்கள் சாளரங்களினின்று வெளிவருவர். வியப்புடன் இதனைப் பதிந்து வைத்தவர்கள் அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே. 1206இல் பொறி நூல் எழுதிய அல்ஜஸரி, யானை வடிவிலே கடிகாரம் அமைத்தவர். ஐவேளைத் தொழுகைக்கு நேரம் பார்க்கும் சமுதாயத்தில் பிறந்த பிள்ளைக்குக் கடிகாரத்தின் மேல் கண் செல்வதில் புதுமையில்லை. பழம்பெருமை போதும், நம் பேச்சுக்குத் திரும்புவோம்.

ஐயம் என்பதைத் திருமறை எளிதாக விட்டுவிடவில்லை. ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம், ஐயங்களில் மிகுதியானவற்றை விலக்கும்படி விசுவாசிகளைப் பணிக்கிறது. பிறர் குற்றங்களைத் துருவி ஆராய்வதையும் உடனே தடுக்கிறது. இவ்வசனத்தை நாம் பெரும்பாலும் அண்டை வீட்டுப் பேச்சோடும் புறங்கூறலோடும் பொருத்தியே உரைக்கக் கேட்கிறோம். ஒரு பள்ளியின் அறைக்குள், ஐந்து பெரியவர் நடுவே தனித்து அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனோடும் அதனைப் பொருத்திப் பார்க்கலாம். ஐயங்கொண்டவர் கையில் அதிகாரமும் இருக்குமானால், தாம் எண்ணியதை மெய்யாக்கும் வரை அவர் ஓயமாட்டார்.

ஆனால், அன்பர்களே, அமெரிக்கர்மேல் சினந்து எழுதுவது எளிது. அஹ்மதுவின் படத்தைக் கண்டு கண்கலங்கிய நாம், அவன் பெயர் வேறாக இருந்திருந்தால் கலங்கியிருப்போமா? ஸூரத்துன் நிஸாவின் 105ஆம் வசனம் தொட்டு வரும் பகுதிக்கு விரிவுரையாளர் பலர் தரும் வரலாறு உங்களிற் பலர் அறிந்ததே. மதீனாவிலே அன்சாரிகளைச் சேர்ந்த ஒருவன் ஒரு கவசத்தைத் திருடினான். அகப்படுவோம் என அஞ்சி, அதனை ஒரு யூதரின் இல்லத்தில் சேர்த்துவிட்டான். அவனுடைய குலத்தார் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் சென்று, நம்மவனுக்காக வாதாடுங்கள் என வேண்டினர். சான்றோ யூதரின் வீட்டில் இருந்தது, வாதாடுவோரோ நம்மவர். வஹீ இறங்கிற்று, யூதர் குற்றமற்றவர் என விடுவித்தது. மோசக்காரருக்காக வழக்காட வேண்டாம் என்னும் கட்டளையும் அதனோடு வந்தது. அந்த யூதரின் இருக்கையிலேதான் இர்விங் பள்ளியில் நம் சிறுவன் அமர்ந்திருந்தான். நம் தெருவில், நம் கல்விக்கூடத்தில், நம் கடையில் அதே இருக்கையில் யார் யாரை நாம் அமர்த்தியிருக்கிறோம் என்பதை நம் நெஞ்சு அறியும். பொருள் காணாமற்போனதும் நம் கண் முதலில் எவர்மேல் செல்கிறது? வேலைக்காரச் சிறுமியின் பையையன்றோ முதலில் திறக்கச் சொல்கிறோம்!

அஹ்மதுவின் கதை பின்னர் விரைந்து ஓடிற்று. நாசா பெயர் பொறித்த சட்டையுடன் அவன் விலங்கில் நின்ற படம் உலகெங்கும் பரவியது. அதிபர் ஒபாமா அவனைப் பாராட்டி, கடிகாரத்துடன் வெள்ளை மாளிகைக்கு வருமாறு அழைத்தார். அக்டோபர் 19ஆம் நாள் அங்கு நடந்த வானியல் இரவுக்கு அவன் சென்றான். அடுத்த நாளே, கத்தார் நாட்டு அறக்கட்டளை ஒன்றின் கல்வி உதவியை ஏற்று அங்கே குடியேறப்போவதாகக் குடும்பத்தார் அறிவித்தனர். அதற்கு முன்னரே தந்தை அவனைப் பள்ளியிலிருந்து விலக்கியிருந்தார். அதிபரின் அழைப்பைப் பெற்ற பிள்ளைக்கும் அவ்வூரிலே அமைதியாகப் படிக்க இயலாமற்போயிற்று.

2016 ஆகஸ்டில் பள்ளி நிர்வாகத்தின் மீதும் நகரத்தின் மீதும் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். இனத்தாலோ மார்க்கத்தாலோ வேண்டுமென்றே பாகுபாடு காட்டினர் எனக் கருதத்தக்க விவரங்கள் போதவில்லை எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் கூறிற்று. 2018இல் வழக்கு அறவே தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் அளவுகோல் அது. நெஞ்சிலிருக்கும் ஐயத்தை எவரும் ஏட்டில் எழுதி ஒப்பமிட்டுத் தருவதில்லையே!

இன்னொன்றையும் குறிப்பிடல் வேண்டும். அக்குடும்பம் கடல் கடந்து சென்றபின், 2015 நவம்பர் 21ஆம் நாள், அதே இர்விங் நகரில் உள்ள பள்ளிவாசலின் முன் சிலர் திரண்டு எதிர்ப்புக் காட்டினர். அவர்களிற் சிலர் தோளிலும் கையிலும் நீண்ட துப்பாக்கிகளைத் தாங்கி நின்றனர். அவை பென்சில் பெட்டிகள் அல்ல, மெய்யான துப்பாக்கிகள். டெக்ஸாஸ் மாநிலச் சட்டப்படி அது குற்றமன்று.