நிலக்கரி தோண்டிய நிலத்தில் மீண்டும் நெல் விளையுமா?

கேள்வி: ''எங்கள் பகுதியில் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்கிறார்கள். 'நிலக்கரி எடுத்து முடித்ததும் நிலத்தைப் பழையபடி சீரமைத்துவிடுவோம்' என்றும் சொல்கிறார்கள். இது நடக்கக்கூடியதா? கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?''
- வாசகர், கடலூர் மாவட்டம்.

பதில்: குழியை மூட முடியும், மரம் வளர்க்கவும் முடியும். ஆனால், நெல் விளையும் வயலாக மாற்றுவது அதைவிடக் கடினமான வேலை.

நெய்வேலியில் 1957-ம் ஆண்டு சுரங்கப் பணி தொடங்கியது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண், களி, மணற்பாறை எல்லாம் சேர்ந்து பல இடங்களில் 50 மீட்டர் ஆழத்தைத் தாண்டும். ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அள்ள வேண்டும். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரையும் இரவு பகலாக இறைக்க வேண்டும்.

இப்படி அள்ளிய மண்ணைக் கொட்டித்தான் குழியை மூடுகிறார்கள். ஆழத்தில் இருந்து வந்த அந்த மண்ணில் அங்ககச் சத்து மிகக் குறைவு. பயிருக்கு உயிர் கொடுப்பது மேலே உள்ள ஓரடி மண்தான். அதைத் தனியாக எடுத்துவைத்து, கடைசியில் மேலே பரப்பினால் மட்டுமே விவசாயத்துக்கு வழி உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? சுரங்கப் பணி முடிந்ததும் புல் வளர்த்து, தீவனமும் செடி கொடிகளும் வளரும் நிலைக்கு நிலத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதை நிபந்தனையாக்கும்படி, 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இது குறைந்தபட்ச அளவு. நெல்லோ, கரும்போ விளைய வேண்டும் என்றால், அது சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனையிலேயே எழுதப்பட வேண்டும். அதற்கான இடம்தான் கருத்துக்கேட்புக் கூட்டம்.

2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்கு 30 நாள்களுக்கு முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி கிடையாது. எனவே, 'யாரும் போகாவிட்டால் கூட்டம் செல்லாது' என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே வாக்கெடுப்பும் இல்லை. பதிவாகும் முக்கியமான கேள்விகளுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் தீர்வு சொல்ல வேண்டும் என்பதுதான் விவசாயிகளின் கையில் உள்ள பலம்.

கேட்க வேண்டியவை:

1. மேல்மண்: எத்தனை அடி எடுக்கப்படும்? எங்கே, எத்தனை ஆண்டுகள் குவித்துவைக்கப்படும்? உயரமாக, நீண்டகாலம் குவித்தால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அழியும். குவியலில் சணப்பு, தக்கைப்பூண்டு விதைப்பார்களா?

2. நில மட்டம்: மூடிய குழி பல ஆண்டுகள் வரை சீரில்லாமல் அமுங்கும். அதனால் வரப்பு உடையும். வயலில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. சமன்படுத்தும் பொறுப்பு எத்தனை ஆண்டுகளுக்கு?

3. நிலத்தடி நீர்: எந்தெந்த ஊர்களில் நீர்மட்டம் இறங்கும்? கிணறு வற்றினால் என்ன மாற்று?

4. பணம்: சுரங்கத்தை மூடுவதற்கான தொகையை எஸ்க்ரோ எனப்படும் தனி வங்கிக் கணக்கில் நிறுவனம் ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். எவ்வளவு தொகை? எந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் சீரமைக்கப்படும்?

5. உரிமை: சீரமைத்த நிலம் யாருக்கு? கையகப்படுத்திய நிலம் பழைய உரிமையாளருக்குத் தானாகத் திரும்பி வந்துவிடாது.

கூட்டத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. வயல் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனை செய்து, அறிக்கையைப் பத்திரப்படுத்த வேண்டும். கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதை மாதம் ஒருமுறை தேதியோடு குறிக்க வேண்டும். அடங்கல் நகலும் கையில் இருக்கட்டும். 'பழையபடி' என்றால் எந்த நிலை என்பதற்கு நாளைக்கு இவைதான் சாட்சி.

அனுமதி வழங்கப்பட்டு, அதில் குறை இருந்தால், 30 நாள்களுக்குள் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள்கள் வரை தீர்ப்பாயம் அவகாசம் தரலாம். சுரங்கம் தொடங்கிய பிறகு, நிபந்தனைகளை நிறைவேற்றியது குறித்து ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நிறுவனம் அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை வாங்கிப் படித்து, களத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஊருக்கு நான்கு பேராவது பொறுப்பேற்பது நல்லது.