செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியாச்சா? கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?

அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி... புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கை மாறி வந்த கார் ஒன்றாவது கண்ணில் படும். நம்பர் பிளேட்டே பாதிக் கதையைச் சொல்லிவிடும். டி.என் 55 என்றால் புதுக்கோட்டையில் பதிவான வண்டி. டி.என் 45 என்றால் திருச்சி, டி.என் 09 என்றால் சென்னை. மீதிக் கதை பழைய ஓனருக்கும் அவருடைய மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரியும்.

சீட்டுப் பணமும் நகைக்கடனும் சேர்த்து கார் வாங்கும் குடும்பம், முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயிலை மாற்றிவிடும். டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்த்தாகிவிடும். கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் விட்டுப்போகும். கேட்டால், 'அது லைஃப் டைம் ஆயிலுங்க, தொடவே வேணாம்' என்பார் ஒரு மெக்கானிக். 'உடனே மாத்திடுங்கண்ணே' என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

கியர் ஆயில் ஏன் கெடுகிறது?

இன்ஜின் ஆயிலைப் போல இதில் எரிபொருள் கரி கலப்பதில்லை. அதனால்தான் நீண்ட நாள் உழைக்கிறது. ஆனால், கியர் பற்கள் ஒன்றோடொன்று அழுத்தி உரசும்போது ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துப்போகும். தேய்ந்த இரும்புத்தூளும் அதிலேயே சேரும். பெரும்பாலான மேனுவல் கியர்பாக்ஸ்களில் ஃபில்டர் கிடையாது. டிரெய்ன் போல்ட்டிலோ உள்ளேயோ இருக்கும் சிறிய காந்தம்தான் தூளைப் பிடித்துவைக்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

காரோடு வரும் கையேட்டில் இருப்பதுதான் கணக்கு. மாடலைப் பொறுத்து 40,000 கி.மீ.யில் தொடங்கி 1,00,000 கி.மீ. வரை இது மாறும். மாற்றவே தேவையில்லை என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு.

ஆனால், இந்தக் கணக்கெல்லாம் மீட்டரை நம்பினால்தான். 10 வயது கார் 38,000 கி.மீ. காட்டினால், தினமும் சுமார் 10 கி.மீ. மட்டுமே ஓடியதாக அர்த்தம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு ஒருமுறை போய்வந்தாலே 100 கி.மீ. தாண்டிவிடும். கிளட்ச் பெடல் ரப்பரும் கியர் நாபும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.

எனவே, கியர் ஆயில் மாற்றியதற்கான பில் கையில் இல்லையென்றால், வாங்கிய முதல் மாதத்திலேயே ஒருமுறை மாற்றிவிடுங்கள். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் கையேட்டைப் பின்பற்றலாம். சிறிய கார்களுக்குச் சுமார் 2 லிட்டர் போதும். ஆயிலும் கூலியும் சேர்த்து ஒரு புது டயரின் விலைகூட ஆகாது. கியர்பாக்ஸை இறக்கி வேலை பார்த்தால் பல ஆயிரங்கள் போய்விடும்.

ஏ.எம்.டி கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கிளட்ச் பெடல் இல்லையே தவிர, உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான்.

இறக்கிய ஆயிலைப் பாருங்கள்!

ஆயிலை இறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். காரின் பழைய கதை அதில் தெரியும்.

* காந்தத்தில் கிரீஸ் போல நைசான கறுப்புப் பசை: சாதாரணத் தேய்மானம். பயம் வேண்டாம்.
* பித்தளை நிறத்தில் மினுமினுப்பு: கியர் விழ உதவும் சின்க்ரோ வளையங்கள் தேய்கின்றன.
* இரும்புச் சில்லுகள்: பல் உடைந்திருக்கலாம். கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.
* அளவு குறைவு: ஆக்ஸில் ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.
* பால் கலந்த டீ போன்ற நிறம்: தண்ணீர் புகுந்திருக்கிறது.

கடைசி அறிகுறியை லேசாக விட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கி நின்றன. அவற்றில் எது எந்த ஊருக்கு விற்பனைக்குப் போனது என்பது ஆர்.சி புத்தகத்தில் எழுதியிருக்காது. ஆயிலில் தண்ணீர் தெரிந்தால் பேரிங்குகளையும் வயரிங்கையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

எந்த ஆயில்?

கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே ஊற்றக் கூடாது. பெரும்பாலான சிறிய கார்களுக்கு ஜி.எல்-4 தரம், 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90 என்று கையேட்டில் இருக்கும். 'நம்பர் கூட இருந்தா நல்லதுதானே' என்று ஜி.எல்-5 ஊற்றினால், அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளை சின்க்ரோக்களை அரிக்கக்கூடும். கியரும் சரியாக விழாது. ஆம்னி, சுமோ, பொலிரோ போன்ற பின்சக்கர டிரைவ் வண்டிகளில் பின்னால் இருக்கும் கிரவுன் ஹவுசிங் தனி. ஜி.எல்-5 பொதுவாக அங்கேதான் தேவை. சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி ஆயில் வைத்திருக்கின்றன. கையேடு சொல்வதே முடிவு.

மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டை முதலில் கழற்றிப் பார்ப்பது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் உப்புக்காற்றில் ஓடிய கார் என்றால் அந்த போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். கீழே ஆயிலை இறக்கிவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால், வண்டியை நகர்த்தக்கூட முடியாது. சமதளத்தில் நிறுத்தி, பெரும்பாலான கார்களில் அந்தத் துளையின் விளிம்பு வரை ஊற்ற வேண்டும்.

ஆயிலால் சரியாகாதவை

காலையில் முதல் இரண்டு கியர் கனமாக விழுந்தால் புது ஆயில் உதவலாம். ஆனால், இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால் கோளாறு பெரும்பாலும் கிளட்ச்சில். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். தேய்ந்துபோன பாகத்தை எந்த ஆயிலும் புதிதாக்காது. இந்த இரண்டு சோதனைகளையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்து பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ ஊற்ற வேண்டாம். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.