நெட் கட் ஆனதும் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’... இது மட்டும் போதுமா?

வீட்டில் நெட் போனதும் நம்ம கை தானாகப் போகும் இடம் ரவுட்டர் சுவிட்ச். ஆஃப் பண்ணி, பத்து எண்ணி, ஆன். கஸ்டமர் கேருக்கு போன் போட்டாலும் முதல் பதில் அதேதான்.

போன மாதம் எங்க வீட்டில் தினமும் இரவு நெட் போனது. ரீஸ்டார்ட் பண்ணால் வந்துவிடும். மூன்று முறை புகார் கொடுத்தேன். “இப்ப வருதுல்ல?” என்று கேட்டு மூன்றையும் குளோஸ் பண்ணிவிட்டார்கள். வொர்க் ஃப்ரம் ஹோம் ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை. மீட்டிங்கில் பாதியில் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

ரீஸ்டார்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல ரவுட்டர்களில் அது லாக் பதிவையும் சேர்த்து அழித்துவிடும். அதாவது, ஏன் கட் ஆச்சு என்பதற்கான சாட்சியே போய்விடும்.

டயல்-அப் காலத்து ஆட்கள் என்ன செய்தார்கள்?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலம். அப்போது போன் லைனில் மோடம் வைத்து டயல் பண்ண வேண்டும். உலகம் முழுக்க டெக் ஆர்வலர்கள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதையே வீட்டின் ஃபயர்வால் ஆக்கினார்கள். 2000-ல் வந்த ஸ்மூத்வால் இதற்காகவே உருவானது. ஒரே போன் லைன், வீட்டில் எல்லோருக்கும் நெட். லைன் அறுந்தால் அதுவே திரும்ப டயல் பண்ண வேண்டும். பண்ணவில்லை என்றால், வரிசையாக மூன்று கேள்விகள்.

1. டயல் ஆகுதா? டயல் செய்யும் மென்பொருளின் பெயர் பிபிபிடி. அதில் ‘பெர்சிஸ்ட்’ என்று எழுதாவிட்டால், லைன் அறுந்ததும் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். எழுதினாலும், தொடர்ந்து 10 முறை தோற்றால் கைவிட்டுவிடும். ‘மேக்ஸ்ஃபெயில் 0’ என்று மாற்றினால் விடாமல் முயலும். ஆனால் எதிர்முனை எடுத்த ஒவ்வொரு காலுக்கும் போன் பில் ஏறும். அதனால் இரண்டு முயற்சிகளுக்கு நடுவே இடைவெளியும் வைக்க வேண்டும்.

2. வழி சரியா? டயல் ஆச்சு, ஐ.பி. முகவரியும் வந்தாச்சு, ஆனால் எதுவும் திறக்கவில்லை. லேன் கார்டில் ஏற்கெனவே ஒரு கேட்வே கொடுத்திருந்தால், பிபிபிடி அதை மாற்றாது. டேட்டா மோடம் பக்கம் போகாமல் வீட்டுக்குள்ளேயே முட்டி நிற்கும். அந்த கேட்வேயை நீக்கினால் சரி.

3. முகவரி புதுசா? ஒவ்வொரு டயலுக்கும் ஐ.பி. மாறலாம். ஃபயர்வால் விதிகளில் பழைய ஐ.பி. எழுதியிருந்தால், கனெக்ஷன் இருந்தும் கதவு பூட்டியிருக்கும். ஒவ்வொரு முறை லைன் வந்ததும் விதிகளைப் புதிதாக ஏற்ற வேண்டும்.

எந்தக் கேள்விக்கும் பதில் லாக் ஃபைலில் இருந்தது.

ஃபைபருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. பல ஃபைபர் இணைப்புகள் இன்றும் பிபிபிஓஇ முறையில்தான் ஓடுகின்றன. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு உங்கள் ரவுட்டர் ‘டயல்’ பண்ணுகிறது. அதே பிபிபி, போன் லைன்தான் இல்லை. அதனால் கேள்விகளும் கிட்டத்தட்ட அதே.

எல்.ஓ.எஸ். லைட் சிவப்பா? ஃபைபரில் சிக்னல் இல்லை. லைட் எல்லாம் சரியா? ரவுட்டர் பக்கத்தில் வான் ஸ்டேட்டஸில் ஐ.பி. இருக்கிறதா பாருங்கள். ஐ.பி. இருந்து, 8.8.8.8-க்கு பிங் போய், வெப்சைட் மட்டும் திறக்கவில்லையா? டி.என்.எஸ். மேல் சந்தேகப்படலாம். ஐ.பி.யே இல்லையா? லாக்கைத் திறங்கள். ‘ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு’ என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு அல்லது கணக்கில் சிக்கல். ‘பி.ஏ.டி.ஓ. டைம்அவுட்’ என்றால் எதிர்முனை பதிலே தரவில்லை. விஷயம் பாஸ்வேர்டு வரை போகவே இல்லை.

எங்க வீட்டு லாக்கில் இருந்தது இரண்டாவது வரி. அதன் ஸ்கிரீன்ஷாட்டோடு நாலாவது புகார் கொடுத்தேன். அதை மட்டும் அவர்களால் குளோஸ் பண்ண முடியவில்லை.

மாதம்தோறும் காசு வாங்கும் நிறுவனங்கள், ‘ஏன் கட் ஆச்சு’ என்பதை ஆப்பிலேயே எளிய தமிழில் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தகவல் ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கிறது. அதுவரை ஒரு பழக்கம் போதும்: சுவிட்சைத் தொடும் முன் லாக் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் தாராளமாக ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.